பதினோரு மார்க்

ஜெரோம் பதினோரு மார்க் வாங்கியிருந்தான். நூற்றுக்குத்தான்.

எல்லைச் சாவடியின் கண்ணாடிக் கூண்டிலிருந்து சீட்டை ஆட்டிக்கொண்டு அவன் வெளியே வந்த தோரணையைப் பார்த்தால் பரிசு வாங்கியவன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். "ஏட்டி கனி, உள்ள ஒரு படம் காட்டுனான் பாத்துக்கோ. ஒரு பொம்பள குழிக்குள்ள பாதி ஒடம்ப விட்டு ரொட்டி சுடுதா. அது எந்த ஊரா இருக்கும்?" என்று கேட்டான்.

கனிஷ்கா சீட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுடைய சீட்டில் தொண்ணூற்றெட்டு. நிலோஃபருக்குத் தொண்ணூற்றொன்று. மூன்று பேரும் திபிலீசியில் நாலாம் வருஷம் மருத்துவம் படிக்கிறவர்கள். கனிஷ்கா நாமக்கல், நிலோஃபர் ஆம்பூர், ஜெரோம் தூத்துக்குடி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பக்கத்து நாடான ஆர்மீனியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை காலை வகுப்புக்கு வந்துவிடுவது என்று திட்டம். ஜார்ஜியாக்காரரான ஸாஸாவின் வேன், மூன்று முதுகுப்பை, நிலோஃபரின் அம்மா பார்சலில் அனுப்பிய ஒரு டப்பா முறுக்கு. ஜார்ஜியாவே வெளிநாடு, அதிலிருந்து இன்னொரு வெளிநாடு என்று ஒரு வாரமாக விடுதியில் பெருமையடித்தாகிவிட்டது.

சாவடி அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்ட, பொறுமையான பெண்மணி. "நாற்பதுக்குக் கீழே என்றால், நீங்கள் திரும்பி வர மாட்டீர்கள் என்று இயந்திரம் நினைக்கிறது," என்றாள் ஜெரோமிடம்.

"நாளைக்கு நாலு மணிக்கு இங்க நிப்பேன் மேடம்."

"நல்லது. வந்ததும் மறுபடி கூண்டில் உட்காருங்கள். அப்போதும் நாற்பதுக்குக் கீழே என்றால் உங்கள் மாணவர் அனுமதி ரத்தாகும்."

"அதான் திரும்பி வந்துருவேன்லா! வந்தவனுக்கு எதுக்கு மார்க்?"

"இந்த முறை வந்துவிடுவீர்கள். அடுத்த முறை?"

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அது ஒரு நியாயமான கேள்வி என்றுதான் நினைத்தாள். இப்படியே திரும்பிப் போய்விட்டால் என்ன என்று கனிஷ்கா கேட்டதற்கு, பயணம் பதிவாகிவிட்டது, இரண்டாவது சோதனை எப்படியும் உண்டு, வேண்டுமானால் இப்போதே உட்காரலாம், இல்லையென்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம் என்றாள் அதிகாரி.

அனுமதி போனால் நாலு வருஷப் படிப்பு போச்சு. ஜெரோமின் அம்மா தூத்துக்குடி அரசு மருத்துவமனையில் நர்ஸ். மகன் டாக்டராகி அதே வார்டில் வந்து நிற்பான் என்று சொல்லிச் சொல்லியே இரவுப் பணி பார்க்கிறவர். ஆனால் கனிஷ்கா கலங்கி உட்காருகிற ஜாதி இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து தங்கிப் படிக்கிற பள்ளியில், மாதிரித் தேர்வுகளுக்கு நடுவே வளர்ந்தவள். ஒரு தேர்வு, அதற்கு முன்னால் இரண்டு நாள் இருக்கிறது என்றால் அவளுக்கு அது தாராளம்.

"வண்டியில ஏறு. உன்னைய நான் பாஸ் பண்ண வைக்கிறேன்," என்றாள்.

வேன் மலைப்பாதையில் ஏறியது. கீழே ஆறு, இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, பாறை உச்சியில் யாரோ பெயர் தெரியாதவர்கள் கட்டிய கிறிஸ்தவக் கோவில். ஜெரோம் ஜன்னலில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு, "அங்க கல்ல எப்படிக் கொண்டுபோனான்?" என்று கண்ணாடியிடம் கேட்டுக்கொண்டிருந்தான். கனிஷ்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இதான் உன் வியாதி. கூண்டுக்குள்ள தொண்ணூறு செகண்ட் படம் காட்டறாங்க இல்ல, போற ஊர் பாதி, வந்த ஊர் பாதி. எந்தப் படத்துல கருவிழி விரியுது, எதுல நாடி ஏறுது, எதுல கண்ணு நின்னுபோவுதுன்னு பொட்டி பாக்குது. போற ஊர் படத்துல உன் கண்ணு அகலமாயிருச்சு. ஹாஸ்டல் படத்துல ஒண்ணுமே ஆகல. அவ்ளோதான், பதினொண்ணு."

"அதிசயமா எதயாவது காட்டுனா கண்ணு விரியத்தான செய்யும்? அந்த ஹாஸ்டல நாலு வருசமா பாக்கேன், அதுல என்னத்தப் பாக்க?"

"விரியறதுக்கும் ஓடிப்போறதுக்கும் பொட்டிக்கு வித்தியாசம் தெரியாதுடா."

"அப்ப பொட்டிக்குத்தான மார்க் கொறைக்கணும்?"

நிலோஃபர் சிரித்துவிட்டாள். கனிஷ்கா சிரிக்கவில்லை. எல்லையில் இந்த மார்க் முறை வந்தபோது ஊரே கொண்டாடியதை அவள் மறக்கவில்லை. அதற்கு முன்னால் வெளிநாடு போகிறவனிடம் வங்கிக் கணக்கைக் காட்டு, சொத்துப் பத்திரத்தைக் காட்டு என்பார்கள். இருக்கிறவன் போவான், இல்லாதவன் வீட்டிலேயே கிடப்பான். இப்போது பணக்காரனும் ஏழையும் ஒரே கூண்டில் ஒரே தொண்ணூறு நொடி உட்காருகிறார்கள். நியாயம்தானே? மார்க் என்று ஒன்று வந்துவிட்டால் நம் ஊர் சும்மா இருக்குமா? ஆறே மாதத்தில் நாமக்கல்லில் பயிற்சி மையம் திறந்துவிட்டார்கள். கோடை விடுமுறைக்கு வந்த மகளை அப்பா பத்து நாள் வகுப்பில் சேர்த்தார். அங்கே சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் இப்போது அவிழ்த்துவிட்டாள்.

"எதைப் புதுசாப் பாத்தாலும் மூணு செகண்டுக்கு மேல பாக்காத. பாக்கும்போதே மனசுக்குள்ள மூணு சாமானை நெனைக்கணும். உன் கட்டில், பாத்ரூம் குழாய், திங்கக்கிழமை மொத வகுப்பு. கட்டில், குழாய், திங்கக்கிழமை. சொல்லு."

"குழாய் ஒழுகுது. அதையுமா நெனைக்கணும்?"

"ஒழுகறதையும் சேத்து நெனை, இன்னும் நல்லது."

மாதிரித் தேர்வு அவள் போனிலேயே இருந்தது. கட்டை விரலைத் திரையில் வைத்துக்கொண்டு படங்களைப் பார்த்தால் மார்க் வரும். முதல் முயற்சியில் ஜெரோமுக்குப் பதினான்கு. மூன்று மார்க் ஏறிவிட்டதே என்று கனிஷ்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். முன்னேற்றம் என்று வந்துவிட்டால் அவளுக்கு உற்சாகம் தானாக வந்துவிடும்.

சாலையோரத்தில் ஒரு ரொட்டிக் கொட்டகை வந்தது. ஜெரோம் வேன் நிற்கும் முன்னே குதித்தான். தரையில் பதித்த மண் அடுப்பு, கிணற்று வாயளவு அகலம். ஒரு அம்மாள் துணியைப்போல விரித்த மாவை ஒரு தலையணையின் மேல் போர்த்தி, குழிக்குள் குனிந்து, உள்சுவரில் ஓங்கி அறைந்தார். மாவு சுவரில் ஒட்டிக்கொள்ள, தலையணை மட்டும் கையோடு வந்தது. அரை நிமிஷத்தில் கம்பியால் ரொட்டியை உரித்தெடுத்தார்.

"மூணு," என்றாள் கனிஷ்கா பின்னால் நின்று. "கட்டில்!"

"இரிட்டி. அந்தத் தலகாணிக்குள்ள என்ன வச்சிருக்காங்க? பஞ்சுன்னா தீப்பிடிச்சிருமே."

"குழாய்!"

"அக்கா, உள்ள என்ன?" என்று அவன் தமிழிலேயே அந்த அம்மாளிடம் தலையணையைக் காட்டிக் கேட்டான். அவருக்கும் எப்படியோ புரிந்து, சிரித்துக்கொண்டே தையலைப் பிரித்துக் காட்டப் போனார். கனிஷ்கா அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று வேனுக்கு இழுத்துவந்துவிட்டாள். ரொட்டியை நிலோஃபர்தான் வாங்கிவந்தாள். சுடச்சுட இருந்தது. அதைப் பிய்த்துத் தின்றுகொண்டே, தலையணைக்குள் என்னதான் இருந்திருக்கும் என்று கனிஷ்காவுக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டு, "விரலை வை," என்று போனை நீட்டினாள். பத்தொன்பது.

தலைநகரான யெரெவானுக்கு மதியம் போய்ச் சேர்ந்தார்கள். நகரத்துக் குன்றின் மேல் ஏறுகிற பெரிய படிக்கட்டின் உச்சியில் நின்றால், தெற்கே வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அராரத் மலை. அடிவாரம் மங்கலாகிக் காணாமல் போயிருக்க, பனி மட்டும் மேலே மிதந்தது. அந்த மலை எல்லைக்கு அந்தப் பக்கம் துருக்கியில் இருக்கிறது என்று ஸாஸா சொன்னார். இந்த ஊர்க்காரர்கள் கடைப் பலகையில், பாட்டிலில், எல்லாவற்றிலும் அதைத்தான் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

"காலையில சன்னலத் தெறந்தா வேற நாட்டு மலை," என்றான் ஜெரோம் மெதுவாக. "வாழ்நாள் பூராவும் பாக்காங்க. பாஸ்போர்ட் கெடையாது ஒண்ணுங் கெடையாது. இதுக்கு எவனாவது மார்க் போடுதானா?"

"ஜெரோம், ஏழு செகண்ட் ஆச்சு."

"பாவம்டி, விடு," என்றாள் நிலோஃபர். "இதைப் பாக்கத்தானே வந்தோம்?"

"நாளைக்கு அவன் அம்மாகிட்ட நீ பேசறியா? அவரு மலை பாத்துட்டு இருந்தாருங்க, அதான் ஃபெயிலுன்னு சொல்றியா?"

ஜெரோம் மலையிலிருந்து கண்ணை எடுத்தான். அம்மா பேச்சு வந்ததும் அவன் முகம் சுருங்கியதைக் கனிஷ்கா கவனித்தாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு பேச்சு வேலை செய்கிறது என்பதையும் கவனித்தாள். அதன்பிறகு அவனே முணுமுணுக்கத் தொடங்கினான். கட்டில், குழாய், திங்கட்கிழமை. உலர்பழச் சந்தையில் பாதாம் திணித்த பீச் பழத்தைப் பார்த்து, குழாய். தெருவில் எட்டுப் பேர் கைகோத்து ஆடுவதைப் பார்த்து, திங்கட்கிழமை. சாயங்காலம் மார்க் முப்பத்துமூன்று.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அதைப் பயிற்சி மையத்தில் யாரும் கனிஷ்காவுக்குச் சொல்லவில்லை. அவன் எப்போது மூன்று நொடியைத் தாண்டுகிறான் என்று எண்ணவேண்டுமென்றால் அவன் எதைப் பார்க்கிறான் என்று அவளும் பார்க்கவேண்டியிருந்தது. அவன் கண் போன இடத்துக்கெல்லாம் அவள் கண்ணும் போனது. ஜெரோமின் கண் யாரும் பார்க்காத இடங்களுக்கே போகும். சிலையைப் பார்க்காமல் சிலையின் காலடியில் தேய்ந்திருக்கும் கல்லைப் பார்ப்பான். சர்ச்சுக்குள் போனால் மெழுகுவத்தி நட்ட மணலில் ஏன் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பான். அவனைத் தட்டி இழுத்துவிட்டு ஒரு கணம் பின்தங்கி, ஆமாம், ஏன் விட்டிருக்கிறார்கள் என்று அவள் குனிந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை செவான் ஏரிக்குப் போகும் வழியிலேயே மார்க் ஐம்பத்தெட்டு. "பாஸுடா!" என்று கனிஷ்கா கத்தினாள். நிஜமாகவே கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஸாஸாகூட ஹாரன் அடித்துக் கொண்டாடினார். ஆனாலும் நாற்பதுக்கு மேல் பதினெட்டுதான் இருக்கிறது, பதற்றத்தில் இறங்கிவிடக்கூடும், விடாமல் படி என்று சொல்லிவிட்டாள். தொண்ணூறு வாங்கக்கூடியவனை ஐம்பத்தெட்டில் விடுவது அவள் வழக்கமில்லை.

ஏரி மலைகளுக்கு நடுவே கடல்போலக் கிடந்தது. அதன் கரையில் ஒரு குன்று, குன்றின் மேல் கறுப்புக் கல்லில் இரண்டு பழைய கோவில்கள். ஒருகாலத்தில் அது தீவாக இருந்ததாம், மின்சாரத்துக்காக ஏரித் தண்ணீரை எடுத்ததில் மட்டம் இறங்கித் தரையோடு ஒட்டிக்கொண்டதாம். இதை ஸாஸா சொல்லிக்கொண்டிருந்தபோது ஜெரோம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. படிக்கட்டின் அடியில், ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"மேல வரலையா?" என்றாள் கனிஷ்கா.

"நீங்க பாத்துட்டு வாங்க. எனக்கு இப்ப நல்லாப் பிடிபட்டு வருது, கெடுத்துக்கிட வேண்டாம்."

அவளும் நிலோஃபரும் ஏறினார்கள். மேலே காற்று ஆளைத் தள்ளியது. கோவில் சுவரையொட்டிச் சிலுவை செதுக்கிய கற்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் நூல் பின்னியதுபோல நுணுக்கமான வேலைப்பாடு. ஒரே மாதிரி இரண்டு கல் இருக்குமா என்று கனிஷ்கா தேடினாள். இல்லை. இந்தக் கல்லில் முடிச்சு இடமாகப் போனால் அடுத்ததில் வலமாகப் போனது. இன்னொன்றில் செதுக்கியவனே பாதியில் மனம் மாறியிருந்தான். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவள் எண்ணவில்லை. நிலோஃபர் வந்து தோளைத் தொட்டபோது தன் விரல் அந்தப் பள்ளங்களுக்குள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவளே வெட்கப்பட்டாள்.

இறங்கி ஓடிவந்து, "ஜெரோம், மேல ஒரு கல்லுடா, செதுக்கிட்டே வந்தவன் நடுவுல—" என்று ஆரம்பித்தாள்.

அவன் கையைக் குறுக்கே நீட்டினான், சிரித்துக்கொண்டேதான். "சொல்லாதட்டி. மார்க் போயிரும்."

மாதிரித் தேர்வில் எழுபத்தெட்டு. அந்த எண்ணைப் பார்த்தபோது கனிஷ்காவுக்கு முன்புபோல உற்சாகம் வரவில்லை. ஏன் என்று யோசிக்கவும் அவள் விரும்பவில்லை.

மூன்றே முக்காலுக்கு எல்லைச் சாவடி. அதே மூக்குக்கண்ணாடிப் பெண்மணி. மூன்று பேரும் மறுபடி உட்காரவேண்டும் என்றாள். போய்வந்த இடத்தின் இழுப்பு இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று இரண்டாவது சோதனை பார்க்குமாம்.

ஜெரோம் முதலில் போனான். வெளியே நின்ற இருவருக்கும் அந்தத் தொண்ணூறு நொடி மிகவும் நீண்டது. நிலோஃபர் துவா ஓதினாள். கனிஷ்கா நகத்தைக் கடித்தாள். கதவு திறந்தது.

தொண்ணூற்றாறு.

நிலோஃபர் துள்ளிக் குதித்தாள். கனிஷ்கா அவன் முதுகில் மாறி மாறி அடித்தாள். அவன் அம்மாவுக்குப் போன் போட, அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாகக் குரல் கேட்டது. "அம்மா, கனிதான் சொல்லித்தந்தா. அவ இல்லன்னா அம்புட்டுத்தான்," என்றான். அந்த வார்த்தை கனிஷ்காவுக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லி முடியாது. நிலோஃபர் எண்பத்துநாலு வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பெருமிதத்தோடே கனிஷ்கா கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள்.

முதல் படம் விடுதி வாசல். அடுத்தது ஏதோ சதுக்கம். கட்டில், குழாய் என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். மூன்றாவது படத்தில் ஒரு பெண் மண் அடுப்புக்குள் குனிந்திருந்தாள், கையில் தலையணை. ஓரத்தில் தையல் கொஞ்சம் விட்டிருந்தது. உள்ளேயிருந்து ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறதே, வைக்கோலா? கனிஷ்கா முன்னால் சாய்ந்தாள். படம் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த எந்தப் படத்திலும் அவளால் கட்டிலைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

முப்பத்தேழு.

"முதல் சோதனை தொண்ணூற்றெட்டு என்பதால் இப்போது பிரச்சினை இல்லை," என்றாள் அதிகாரி தணிந்த குரலில். "ஆனால் குறிப்பில் ஏறிவிட்டது. அடுத்த பயணத்தில் ஒரு முறை குறைந்தாலும் ரத்துதான். என்ன ஆயிற்று உங்களுக்கு?"

கனிஷ்கா சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள். நிலோஃபர் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு கையைப் பிடித்தாள். முன் சீட்டிலிருந்த ஜெரோம் ஊருக்குச் செய்தி அனுப்புவதில் மும்முரமாக இருந்தான்.

எல்லையைத் தாண்டி அரை மணி நேரம். சமவெளியில் வேன் திடீரென்று நின்றது. சாலை முழுக்க ஆடுகள். அக்டோபரில் மலை மேய்ச்சல் முடிந்து கீழே இறங்குகிற மந்தை. முன்னும் பின்னும் முடிவே தெரியவில்லை. ஸாஸா என்ஜினை அணைத்துவிட்டு இருபது நிமிஷம் என்று விரல்களைக் காட்டினார். ஆடுகள் வேனை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. நடுவே ஒரு கழுதை வந்தது. அதன் முதுகில் என்னவோ பளபளத்தது.

"ஜெரோம், இறங்கிப் பாக்கலாமா?" என்றாள் கனிஷ்கா.

"எதுக்கு? ஆடுதான," என்றான் அவன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

நேற்று காலை இவனை வேனுக்குள் பிடித்துவைக்க ஆள் தேவைப்பட்டிருக்கும். கனிஷ்கா கதவைத் திறந்து தானே இறங்கினாள். ஆடுகள் முட்டிவரைக்கும் மொய்த்தன. கம்பளியும் புழுதியும் கலந்த வாடை, வெதுவெதுப்பு. கழுதையைத் தேடி மந்தைக்குள் நீந்திக்கொண்டே போனாள். அதன் முதுகில் கட்டியிருந்தது ஒரு சூரிய மின் தகடு. அதிலிருந்து ஒரு ஒயர் இறங்கி, பக்கத்தில் நடந்த மேய்ப்பனின் சட்டைப் பைக்குள் போனது. கழுதை நின்றால் மேய்ப்பனும் நின்றான். போன் சார்ஜ் ஆகவேண்டுமே! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒயர் நீளம் எவ்வளவு, கழுதை ஓடினால் என்ன செய்வான், மேகம் வந்தால்? கேட்டுக்கொண்டே அவனோடு நடந்தாள். அவன் ஜார்ஜிய மொழியில் என்னவோ பதில் சொன்னான்.

பின்னாலிருந்து ஜெரோம் ஆடுகளை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நிலோ சொன்னா. முப்பத்தேழா?"

கனிஷ்கா தலையாட்டினாள்.

அவன் அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தான். அவளுக்காக இவ்வளவு பயந்து அவள் அவனைப் பார்த்ததே இல்லை. "பயப்படாத. நான் இருக்கேன்லா. அடுத்த வாரம் உக்காந்து படிப்போம். கட்டில், குழாய் எல்லாம் சுத்து வழிட்டி. நான் ஒரு லேசான வழி கண்டுபிடிச்சிருக்கேன். அதாலதான் தொண்ணூத்தாறு. எதயும் பாக்கதுக்கு முன்னாடியே, இது எனக்குத் தெரியும்னு சொல்லிக்கிடணும். தெரியும், தெரியும்னு. அப்புறம் கண்ணு அதுவா எறங்கிரும்."

"அந்தக் கழுதை முதுகுல என்ன இருக்குன்னு பாத்தியாடா?" என்று கேட்டாள் கனிஷ்கா.

"தெரியும்ட்டி," என்றான் ஜெரோம், திரும்பிப் பார்க்காமலே.